இரவல் பூட்ஸ்

திருக்கை முள் குத்தியது ஒரு புதன்கிழமை விடியலில். நெட்டை நானா புத்தளம் களப்பில் இடுப்பளவுத் தண்ணீரில் இறால் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துகொண்டிருந்தார். சேற்றைப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கும் திருக்கையைக் காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடப்பவன்தான் மிதிப்பான். உரசி உரசி நடப்பவனுக்கு அது விலகிப் போய்விடும். கற்பிட்டிக் குடாநாட்டில் ஏழு வயதுப் பிள்ளைக்கும் தெரிந்த பாடம் இது. நெட்டை நானாவுக்கும் தெரியும். அன்றைக்கு என்ன அவசரமோ, தூக்கி வைத்துவிட்டார்.

இரண்டு பேர் அவரைத் தாங்கிப் பிடித்து ஏரிக்கரைத் தேத்தண்ணிக் கடைக்குக் கொண்டுவந்தார்கள். கடைக்காரர் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த கேத்தலை இறக்கி, வாளித் தண்ணீரில் கலந்து, தன் கையை விட்டுச் சூடு பார்த்துவிட்டு அந்தக் காலை உள்ளே வைத்தார். திருக்கையின் நஞ்சு புரதம். சூட்டில் அது சிதைந்து வலி மட்டுப்படும் என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. கடைக்காரர் எந்த நூலையும் படித்தவரில்லை. அவருடைய வாப்பா அப்படிச் செய்வதைப் பார்த்திருந்தார், அவ்வளவுதான். வலி இறங்கியது. ஆனால் கணுக்கால் பலாக்காய் போல வீங்கிவிட்டது. கற்பிட்டி ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு, 2 கிழமைக்குக் கால் ஊன்றக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

அரையிறுதி ஆட்டத்துக்கு இருந்தது 2 நாள்.

அவனுக்கு அப்போது 12 வயது. ஊர் உதைபந்தாட்ட அணியின் பந்துப் பையைத் தூக்குவதும், யார் யார் வந்தார்கள், யார் கோல் போட்டார்கள் என்று ஒரு ஒற்றை ரூல் கொப்பியில் எழுதி வைப்பதும் அவன் வேலை. சம்பளம் கிடையாது. ஆட்டம் முடிந்ததும் ஒரு பிளேன்டீ, ஒரு பணிஸ். ஆனால் மைதானத்துக்குள் போக அவனுக்கு அனுமதி உண்டு. அந்த வயதில் அதைவிடப் பெரிய பதவி ஊரில் வேறில்லை.

ஆண்டு 1991. நோன்புப் பெருநாளுக்கும் ஹஜ் பெருநாளுக்கும் இடைப்பட்ட மாதம். பாலாவிச் சந்தியிலிருந்து கற்பிட்டி வரை நீளும் அந்த மணல் நாக்கில், ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, நடுவில் வெங்காயப் பாத்தி. நுரைச்சோலையில் இன்றைக்கு எங்கிருந்து பார்த்தாலும் தெரியும் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி அப்போது கிடையாது. அதன் முதல் இயந்திரம் ஓடத் தொடங்கியது 2011ல்தான். 91ல் அங்கே உயரமாக நின்றவை தென்னையும், தலவில சென் ஆன்ஸ் தேவாலயமும், நெட்டை நானாவும்தான். ஊர் அப்படித்தான் பகிடி பண்ணும். அணியின் ஆட்டமே அந்த உயரத்தை நம்பித்தான் இருந்தது. பின்னாலிருந்து யாராவது வானத்தைப் பார்த்து ஓங்கி அடிப்பார்கள், நானா தலையால் முட்டுவார். அது ஒரு திட்டம் என்று சொல்ல முடியாது. ஆனால் அதை வைத்து 3 ஆட்டம் வென்றிருந்தார்கள்.

காயம் அவரோடு நின்றிருந்தால் சமாளித்திருக்கலாம். லெஃப்ட் விங்கில் ஆடியவர் முந்தைய கிழமைதான் வெங்காய லொறியில் மூட்டை ஏற்றும்போது வழுக்கி விழுந்து, தோளெலும்பு முறிந்து, நாட்டு வைத்தியர் பத்துப்போட்டுக் கட்டிய கையோடு திரிந்தார். அவருக்குப் பதிலாக ஓடவேண்டியவர் களப்புக்கு அந்தப் பக்கம் ஒரு வாடியில் வேலை கிடைத்துப் போய்விட்டார். மிச்சம் இருந்த ஒரே ஃபோர்வட், குவைத்திலிருந்து யுத்தத்துக்குத் தப்பி வந்தவர். போகும்போது நல்ல ஆட்டக்காரர். வரும்போது வயிறு அவருக்கு 2 அடி முன்னால் வந்துகொண்டிருந்தது.

அணியைப் பார்த்துக்கொண்டவர் பள்ளிக்கூடத்துச் சேர். மாத்தளைக்காரர். மாத்தளையில் பிறந்த எவரையும் போல அவருக்கும் ஹொக்கிதான் உயிர். இலங்கையில் ஹொக்கி என்றால் மாத்தளை என்று சொல்லும் அளவுக்கு அந்த ஊர் நாட்டுக்கு ஆட்டக்காரர்களைக் கொடுத்திருக்கிறது. மாற்றலாகிக் கடற்கரைக்கு வந்த இடத்தில் ஹொக்கி மட்டையை யாரும் கண்ணால் கண்டதில்லை. மட்டையை விடுதி அறைச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டுவிட்டு உதைபந்துக்கு வந்தார். ஆனால் பேசுவதெல்லாம் ஹொக்கி. இந்திய ஹொக்கி வீரர் தியான் சந்தின் சுயசரிதை, 1952ல் மெட்ராஸில் அச்சான ‘கோல்’, அட்டை இல்லாமல் அவரிடம் இருந்தது. “1932ல ஒலிம்பிக்குக்குப் போற வழியில கொழும்பில இறங்கி நமக்கு 20 கோல் போட்டுட்டுப் போனவங்கடா இந்தியாக்காரங்க” என்பார், ஏதோ நமக்குக் கிடைத்த பதக்கம் மாதிரி. 20–0 என்ற அந்தக் கணக்கைச் சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தத்தின் சாயலே இருக்காது.

புதன் பின்னேரம் அணிக்காரர்கள் மைதானத்து ஓரத்தில் கூடினார்கள். யாரைச் சேர்ப்பது? ஒருவர் தன் மச்சானைச் சொன்னார். இன்னொருவர் புத்தளம் டவுனிலிருந்து காசு கொடுத்து ஆள் பிடிக்கலாம் என்றார். சேர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சைக்கிளை எடுத்தார். “நீயும் ஏறு” என்று அவனைப் பார்த்துச் சொன்னார். பந்துப் பையோடு பின்னால் ஏறிக்கொண்டான். சைக்கிள் ஊருக்குள் போகவில்லை. மணல் பாதையில் முகாமை நோக்கிப் போனது.

முகாம் என்றால், 7 மாதத்துக்கு முன் வெறும் தென்னந்தோட்டமாக இருந்த இடம். 1990 ஒக்டோபர் கடைசியில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் சில மணித்தியாலங்கள். மன்னார்த் தீவிலிருந்தவர்களில் பெரும் பகுதி வள்ளங்களில் கற்பிட்டிக் கரைக்கு வந்து இறங்கியது. மொத்தத்தில் 70,000க்கும் மேற்பட்ட சனம். அதில் பெரும்பாலானோர் புத்தளம் மாவட்டத்தில் தங்கினார்கள். அந்த நாட்களில் அவன் கரையில் நின்று பார்த்திருக்கிறான். ஒரு வள்ளத்திலிருந்து இறங்கிய கிழவியின் கையில் ஒரு அரிக்கேன் லாம்பு மட்டும் இருந்தது, சிமினி உடையாமல். அதைத்தான் கவனமாகக் கொண்டுவந்திருந்தார். முதல் கிழமைகளில் ஊரே சோறாக்கிப் போட்டது. பள்ளிக்கூட வகுப்பறைகளில் ஆட்கள் படுத்திருந்தார்கள். பிறகு கிடுகுக் குடிசைகள் எழும்பின. பிறகு கிணற்றடியில் வரிசை நீண்டது. வெங்காயத் தோட்டத்துக் கூலி குறைந்தது. பிறகு ஊர் வாயில் ‘முகாம் ஆக்கள்’ என்ற சொல் வேறொரு தொனியில் வரத் தொடங்கியது. அந்தத் தொனியை அவன் வீட்டிலும் கேட்டிருக்கிறான். அதை மறைப்பதில் பயனில்லை.

குடிசைகளுக்குப் பின்னால் கடற்காற்றில் முகாம் பொடியன்கள் பந்தடித்துக்கொண்டிருந்தார்கள். சேர் இறங்கி, ஒரு தென்னையில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, நேரே ஒருவரைக் கைதட்டிக் கூப்பிட்டார். அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது: சேர் இங்கே வருவது இது முதல் முறையல்ல. மாதக் கணக்காக வந்து நின்று பார்த்திருக்கிறார். ஊர் அணிக்குக் காயம் வருவதற்கு முன்பே, யார் வருவார் என்று அவருக்குத் தெரியும்.

வந்தவருக்கு 22 வயது இருக்கும். குள்ளம். வெறுங்கால். பகலில் வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் இறைக்கும் வேலை. மன்னாரில் அவர் வாப்பாவுக்குச் சொந்தமாக வள்ளம் இருந்ததாம். சேர் விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்டது ஒரே கேள்வி.

“எத்தனை மணிக்கு சேர்? வெள்ளிக்கிழமை பின்னேரம் எண்டா அரைநாள் கூலி போயிடும்.”

சேர் சட்டைப் பைக்குள் கையை விட்டார். எவ்வளவு என்று அவனுக்குத் தெரியாது, தலையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். அந்த நாளிலிருந்து அவர் ஊருக்கு ‘மன்னார் நானா’.

பூட்ஸ் ஒரு பிரச்சினையாயிற்று. அவரிடம் இல்லை. அணியில் உபரியாக இருந்தது நெட்டை நானாவின் ஜோடி மட்டும்தான். 9ஆம் நம்பர், இங்கிலாந்துத் தயாரிப்பு, சவூதியிலிருந்து வந்தது. வியாழன் இரவு அதை வாங்கிவர அவனைத்தான் அனுப்பினார்கள். நெட்டை நானா திண்ணையில் காலைத் தலையணை மேல் நீட்டிப் படுத்திருந்தார். கட்டிலுக்கடியிலிருந்து பூட்ஸை எடுத்து, ஒவ்வொரு ஆணியையும் விரலால் திருகிப் பார்த்து இறுக்கி, நாடாவை ஒழுங்காகச் சுற்றிக் கொடுத்தார். “ஆருக்குடா?” என்று கேட்டார். சொன்னான். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. “கழுவித் தரச் சொல்லு” என்றார்.

மன்னார் நானாவின் கால் 7. முன்பக்கத்தில் பழைய சாரன் துணியைச் சுருட்டி அடைத்தார்கள்.

வெள்ளிக்கிழமை 4 மணி. சோளகம் எழும்பிவிட்டது. கற்பிட்டிக்கு இன்று வெளிநாட்டுக்காரர்கள் பட்டம் கட்டிய பலகையோடு கடலில் சறுக்க வருவது இந்தக் காற்றுக்காகத்தான். உதைபந்துக்கு அது எமன். சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருக்கும்போதே பாதித் தூள் பறந்துபோயிற்று. பூவரச மரத்தடியில் ஒரு மேசை, மேசையில் வெற்றிக் கிண்ணம், அதன் பின்னால் போட்டிக் குழுவினர். எதிரணித் தலைவர் நேரே அந்த மேசைக்குப் போனார். போட்டி விதிப்படி ஊருக்கு ஊர்க்காரர்தான் ஆடலாம். “இவர் எந்த ஊர்?” என்று கேட்டார்.

கேள்வி நியாயமானதுதான். அது மன்னார் நானாவின் முகத்தில் விழுந்த விதம்தான் வேறு. அவர் கீழே குனிந்து, ஏற்கனவே கட்டியிருந்த நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

அரைமணி நேரம் வாக்குவாதம். வாக்காளர் பட்டியலில் பெயர் உண்டா? இல்லை, மன்னாரில் இருக்கிறது. கிராம சேவகர் கடிதம்? இல்லை. கடைசியில் ஒரு சின்னப் பையன் முகாமுக்கு ஓடி, பிளாஸ்டிக் பைக்குள் மடித்து வைத்திருந்த ஒன்றைக் கொண்டுவந்தான். உலர் உணவு நிவாரண அட்டை. அதில் முகாமின் பெயர், முகாமுக்குக் கீழே ஊரின் பெயர். குழுவில் இருந்த ஒரு பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி அட்டையைத் தூரத்தில் பிடித்து வாசித்துவிட்டுச் சொன்னார்: “அரிசி பருப்பு இந்த ஊர்க் கணக்கில எடுக்கிறான். பந்து மட்டும் மன்னார்க் கணக்கிலயா அடிக்கப் போறான்?”

சிரித்தார்கள். எதிரணித் தலைவரும் சிரித்தார். ஆட்டம் தொடங்கியது.

முதல் பாதி பார்க்கச் சகிக்கவில்லை. பழக்கதோஷம்! பின்னாலிருந்து எல்லோரும் வானத்தைப் பார்த்து அடித்தார்கள். அங்கே நெட்டை நானாவின் தலை இல்லை. அதற்கு ஒரு முழம் கீழே மன்னார் நானாவின் தலை இருந்தது. பந்து அவருக்கு மேலால் போய், சோளகத்தில் வளைந்து, வேலிக்கு வெளியே விழுந்துகொண்டே இருந்தது. அவர் ஓடி ஓடிப் பார்த்தார். இரவல் பூட்ஸ் காலுக்குள் வழுக்கியது. கரையில் சிலர் கத்தத் தொடங்கினார்கள். கத்தியதில் ‘முகாம்’ என்ற சொல்லும் இருந்தது. ஒரு கோல் வாங்கியாயிற்று.

அப்போதுதான் கழுதைகள் வந்தன. புத்தளத்தையும் கற்பிட்டியையும் அறியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும்: அங்கே கழுதைகள் சொந்தக்காரர் இல்லாமல் தெருவில் திரியும். அரபு வணிகர்கள் காலத்தில் பொதி சுமக்க வந்தவற்றின் வம்சம் என்று ஊரில் சொல்வார்கள். 8, 10 கழுதைகள் கோல் கம்பத்துக்கும் பெனால்டிப் புள்ளிக்கும் நடுவில் வந்து நின்றுவிட்டன. விரட்டினால் போகாது. ரெஃப்ரி விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு இடுப்பில் கை வைத்தார். அதைச் சேர் விடவில்லை. எல்லோரையும் கோட்டருகே கூப்பிட்டு, ஒரு வட்டமாக உட்காரவைத்து, 1936 பெர்லின் கதையைச் சொன்னார். எந்தப் பயிற்சியாளரும் 0–1ல் இருக்கும்போது சொல்லியிருக்க மாட்டார்.

கதை இதுதான். 1936 ஜூலையில் பெர்லினில் இறங்கிய இந்திய ஹொக்கி அணி, ஒலிம்பிக் தொடங்கும் முன் ஜெர்மானியரோடு ஒரு பயிற்சி ஆட்டம் ஆடி 4–1 என்று தோற்றது. 2 ஒலிம்பிக் தங்கம் வென்ற அணி. தலைவர் தியான் சந்துக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. இன்சைட் ரைட் இடத்தில் ஓட்டை இருப்பது தெரிந்துவிட்டது. காயத்துக்கு மாற்றாள் இறக்கும் வழக்கமே அப்போது இல்லை. களத்தில் இறங்கிய 11 பேர்தான் கடைசி வரை. ஆகவே இடத்துக்கு ஏற்ற ஆள் அணியிலேயே இருக்க வேண்டும். இந்தியாவுக்குத் தந்தி பறந்தது: தாராவை அனுப்புங்கள். அலி இக்திதார் ஷா தாரா விமானமேறி, அரையிறுதிக்கு வந்து சேர்ந்தார். பிரான்ஸை 10–0 என்று வென்றார்கள். ஓகஸ்ட் 15 இறுதியாட்டத்தில் ஜெர்மனிக்கு எதிராக இடைவேளை வரை ஒரு கோல்தான். இரண்டாம் பாதியில் தியான் சந்த் ஆணி பூட்ஸைக் கழற்றி எறிந்துவிட்டு ஆடினார். முடிவு 8–1. எட்டில் இரண்டு தாராவுடையது.

“தாராவை ஏன் கூப்பிட்டாங்க?” என்று கேட்டார் சேர். யாரும் பதில் சொல்லவில்லை. “அவர் எப்பிடி ஆடுவார் எண்டு மத்த 10 பேருக்கும் தெரியும். எங்கட ஆக்களுக்கு இவரைப் பத்தி என்ன தெரியும்? நெட்டையனுக்குக் குடுத்த பந்தை இவருக்குக் குடுத்தா இவர் ஏணி வச்சா எடுப்பார்? கீழால குடுங்கடா.”

மன்னார் நானா ஒன்றும் பேசவில்லை. பூட்ஸைக் கழற்றினார். சாரன் துணியை வெளியே எடுத்து மடித்தார். இரண்டையும் அவன் கையில் கொடுத்துவிட்டு, வெறுங்காலோடு எழுந்தார். தியான் சந்த் கதையைக் கேட்டுத்தான் கழற்றினாரா, கால் கடித்ததால் கழற்றினாரா என்று அவன் பிற்காலத்தில் பலமுறை யோசித்திருக்கிறான். கால் கடித்ததால்தான் இருக்கும்.

கழுதைகள் தம்பாட்டில் போயின. பிறகு நடந்ததை அவன் கொப்பியில் எழுதியிருப்பது 2 வரி. நினைவில் இருப்பது அதைவிட அதிகம். பந்து தரைக்கு வந்தது. மன்னார் நானா கோல் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். பந்து காலில் பட்டதும் யாருக்கோ தட்டிவிட்டு, தான் வேறெங்கோ இருப்பார். காற்றை எதிரியாகப் பார்க்காத ஒரே ஆள் அவர்தான். மன்னார்க் கடற்கரையில் ஆடி வளர்ந்தவருக்குச் சோளகம் புதிதா? கோர்னரை உள்ளே அடிக்காமல் கடலைப் பார்த்து வெளியே அடித்தார். காற்று அதைத் திருப்பிக் கொண்டுவந்து கம்பத்தடியில் போட்டது. குவைத் நானா வயிற்றாலோ நெஞ்சாலோ தள்ளிவிட்டார். 1–1. அடுத்தது மன்னார் நானாவே போட்டது. மூவரைத் தாண்டினார் என்று ஊரில் சொல்வார்கள். கொப்பியில் ‘இருவர்’ என்றுதான் இருக்கிறது. 2–1.

முகாமிலிருந்து வந்திருந்த பொடியன்கள் மைதானத்துக்குள் ஓடினார்கள். ஊர்ப் பொடியன்களும் ஓடினார்கள். அவரைத் தூக்கியபோது யார் யார் தூக்கினார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

இறுதியாட்டம் அடுத்த வெள்ளிக்கிழமை. கதையைச் சொல்பவர்கள் வழக்கமாக இங்கே நிறுத்திவிடுவார்கள். நிறுத்த முடியாது, ஏனென்றால் அந்த 7 நாளில்தான் ஊர் தன் புத்தியைக் காட்டியது.

நெட்டை நானா திங்கட்கிழமை கைத்தடியில்லாமல் நடந்தார். புதன்கிழமை மெதுவாக ஓடினார். தான் ஆடுவேன் என்று சொன்னார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. எவருக்கும் இறுதியாட்டம் ஒரு தடவைதான் வரும். அணியின் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். காயத்துக்குத்தானே அவரை எடுத்தோம், காயம் ஆறிவிட்டதே என்றார்கள். கிண்ணத்தை ஊர்க்காரன்தான் தூக்க வேண்டும் என்று ஒருவர் சொன்னார். அட்டையில் வாசித்த ஊர் அதற்குள் மறந்துவிட்டது. சேர் எதிர்த்துப் பேசினார். இங்கிலாந்தை உதாரணம் காட்டினார்: 1966 உலகக் கிண்ணத்தில் பிரான்ஸோடு ஆடும்போது ஜிம்மி கிரீவ்ஸின் காலில் அடிபட்டுத் தையல் போட்டார்கள்; அவருக்குப் பதில் வந்த ஜெஃப் ஹர்ஸ்ட் ஆர்ஜென்டீனாவுக்கு எதிராக ஒரே கோலைப் போட்டு அணியை அரையிறுதிக்குக் கொண்டுபோனார். இறுதியாட்டத்துக்குள் கிரீவ்ஸுக்குக் குணமாகிவிட்டது. நாட்டின் மிகப் பெரிய கோல் வேட்டைக்காரர் அவர். ஆனாலும் முகாமையாளர் அல்ஃப் ராம்சே ஹர்ஸ்டைத்தான் இறக்கினார். ஹர்ஸ்ட் 3 கோல் போட்டார், மேற்கு ஜெர்மனி 4–2 என்று தோற்றது.

கேட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர், “சேர், அது இங்கிலாந்து” என்றார். பேச்சு முடிந்தது.

ராம்சேயின் முடிவுக்கும் ஒரு விலை இருந்தது என்பதை அவன் பின்னால்தான் படித்தான். அந்த நாளில் இறுதியாட்டம் ஆடிய 11 பேருக்குத்தான் பதக்கம். வெளியே உட்கார்ந்திருந்த கிரீவ்ஸுக்கு அது கிடைத்தது 2009ல், 43 வருடம் கழித்து. கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருப்பவனின் கணக்கு எந்த நாட்டிலும் நேராக இருந்ததில்லை போலும்.

இறுதியாட்டத்தில் நெட்டை நானா பாதிக் காலில் நின்றார். பந்து மறுபடியும் வானத்துக்குப் போனது. எழும்பிக் குதிக்க அவரால் முடியவில்லை. மன்னார் நானா கோட்டோரம் பந்துப் பைக்குப் பக்கத்தில், அவனோடு, 90 நிமிடமும் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கும் அரைநாள் கூலி போயிருந்தது. அன்றைக்கு யார் கொடுத்தார்கள் என்பது அவனுக்குத் தெரியாது. ஒருமுறை, பந்து வெளியே வந்தபோது, எழுந்து வெறுங்காலால் உள்ளே தட்டிவிட்டார். அதுதான் அந்த ஆட்டத்தில் அவர் தொட்ட பந்து. மாற்றாள் இருவரை இறக்கலாம். இருவரை இறக்கினார்கள், இரண்டும் பின்களத்துக்கு. 0–1.

நெட்டை நானாவின் பூட்ஸை அவர் அரையிறுதிக்கு மறுநாள், சனிக்கிழமை காலையிலேயே கொண்டுவந்து கொடுத்திருந்தார். கழுவி, நிழலில் உலர்த்தி, தோல் வெடிக்காமலிருக்கத் தேங்காயெண்ணெய் பூசியிருந்தார். ஆணிகளுக்கிடையில் ஒரு மணல் இல்லை.

இறுதியாட்டத்துக்குப் பிறகு 3 வருடம் அவர் அணியில் ஆடினார் என்பதையும் சொல்ல வேண்டும். நெட்டை நானா மத்திய கிழக்குக்குப் போனார். சேர் மாத்தளைக்கே மாற்றலாகிப் போனார், சுவரில் ஆணி மட்டும் மிஞ்சியது. மன்னார் நானா நுரைச்சோலைப் பக்கம் ஒரு துண்டுக் காணி எடுத்து, ஓலை வீட்டைக் கல் வீடாக்கி, அங்கேயே கலியாணம் முடித்தார். 2009ல் யுத்தம் முடிந்தபின் மன்னாருக்குப் போய்வரத் தொடங்கினார். வாப்பாவின் காணியில் காடு மண்டியிருந்தது. இன்று அவருக்கு இரண்டு ஊரிலும் வீடு. இரண்டிலும் முழுசாக இல்லை. அவரைப் போன்றவர்கள் புத்தளத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். 2019 நவம்பர் ஜனாதிபதித் தேர்தலுக்குக்கூடப் புத்தளத்திலிருந்து பஸ் பஸ்ஸாக மன்னாருக்கு வாக்களிக்கப் போனார்கள். வழியில் அந்த பஸ்களுக்குக் கல்லெறிந்தார்கள், சுட்டார்கள். நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை.

தாராவுக்கும் ஏறக்குறைய மன்னார் நானாவின் கதிதான் நேர்ந்தது என்பதைச் சேர் அன்று கழுதை இடைவேளையில் சொல்லவில்லை. நேரமில்லையோ, வேண்டாமென்று விட்டாரோ. 1936ல் இந்தியாவின் ஓட்டையை அடைக்கப் பறந்துபோன அதே மனிதர், 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பாகிஸ்தான் அணியின் தலைவர். இடையில் அவர் ஆட்டம் மாறவில்லை, நாடுகள்தான் மாறின. அந்த அணி 4ஆம் இடத்துக்கு வந்தது.

2021 ஓகஸ்ட் 5, காலை 7 மணி. கொரோனாவால் அவன் கொழும்பு வேலையை வீட்டிலிருந்தே செய்துகொண்டு ஊரில் இருந்தான். டோக்கியோவில் வெண்கலப் பதக்கத்துக்காக இந்தியாவும் ஜெர்மனியும் ஹொக்கி ஆடின. மாத்தளைச் சேரால் பிடித்த பைத்தியம், விடவில்லை. 1–3 என்று பின்னால் நின்ற இந்தியா 5–4 என்று வென்றது. மொஸ்கோவில் பாஸ்கரன் தலைமையில் தங்கம் வென்றதற்குப் பிறகு 41 வருடத்தில் முதல் ஹொக்கிப் பதக்கம். ஐந்தில் இரண்டு கோல் சிம்ரன்ஜீத் சிங் போட்டவை. அவர் முதலில் 16 பேர் பட்டியலிலேயே இல்லை. காயம் வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று கூட்டிப்போன மாற்றாள். தொற்றுக் காலம் என்பதால் ஒலிம்பிக் குழு அந்த முறை மட்டும் 18 பேரிலிருந்து ஆட்டத்துக்கு ஆட்டம் 16 பேரைத் தெரிந்தெடுக்க விட்டது. அதனால் உள்ளே வந்தவர்.

ஆட்டம் முடிந்ததும் உம்மாவின் அலுமாரியைக் குடைந்தான். பழைய உம்ரா பைகளுக்கும் கலியாண அட்டைகளுக்கும் அடியில் அந்த ஒற்றை ரூல் கொப்பி இருந்தது. ஓரங்களைக் கறையான் அரித்திருந்தது. அரையிறுதிப் பக்கத்தில் 4 கட்டம்: இலக்கம், பெயர், ஊர், கோல். 9ஆம் இலக்கத்துக்கு நேரே நெட்டை நானாவின் பெயரை நீலப் பேனையால் ஒரு கோடு போட்டு வெட்டி, மேலே மன்னார் நானாவின் பெயர். கோல் கட்டத்தில் 1.

மற்றவர்களுக்கெல்லாம் ஊர் கட்டத்தில் மேற்படி அடையாளம் போட்டிருந்தான், ஒரே ஊர்தானே. அவருடைய வரியில் மட்டும் பென்சிலால் எழுதி, அழித்து, மறுபடி எழுதி, மறுபடி அழித்து, தாள் மெலிந்துபோயிருந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். முதலில் என்ன எழுதினான், பிறகு என்ன எழுதினான் என்று வாசிக்க முடியவில்லை.